மூன்று நாள் மழையும் குளிர்காற்றும்: பட்டி மாடுகளை எப்படிக் காப்பது?

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் எங்கள் மாடுகளும் கன்றுகளும் திறந்த பட்டியில்தான் நிற்கின்றன. அடுத்த மூன்று நாளும் பலத்த மழை, வடகிழக்குக் காற்று என்கிறது வானிலை அறிக்கை. வெப்பநிலை 21 பாகைக்குக் கீழே போகாதாம். பயப்பட வேண்டுமா?

பதில்: பயப்படத்தான் வேண்டும். 21 பாகையை மட்டும் பார்த்து ஆறுதல் கொள்ளாதீர்கள். மழை எத்தனை நாள், காற்று எவ்வளவு வேகம் என்பதுதான் மாட்டுக்கு முக்கியம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கடந்துபோன நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் குளிரில் செத்தன. உறைபனி எதுவும் இங்கே விழவில்லை. தோல்வரை நனைந்த உடம்பில் காற்று அடித்தால் சூடு வேகமாக இறங்கும். உரோமம் நனைந்துவிட்டால் குளிர்நாட்டு மாட்டுக்கே 15 பாகை தாங்காது என்பார்கள். நமது மாடுகளுக்கு உரோமமும் மெல்லியது, மார்கழியில் பலதுக்கு விலா எலும்பும் தெரியும்.

மழை தொடங்குமுன், இன்றைக்கே பட்டியை மேட்டு நிலத்துக்கு மாற்றுங்கள். வடக்கு, கிழக்குப் பக்கங்களைக் கிடுகாலோ தறப்பாளாலோ மறையுங்கள். நான்கு பக்கமும் மூடவேண்டாம், மூத்திர நெடி தேங்கிச் சளி பிடிக்கும். எல்லாவற்றுக்கும் கூரை போட முடியாவிட்டால் கன்று, சினைமாடு, மெலிந்த கிழமாடு ஆகியவற்றுக்காவது போடுங்கள். பின்னேரம் வயிறு நிறைய வைக்கோல் கொடுங்கள். அது இரைப்பையில் நொதிக்கும்போது வரும் சூடுதான் இரவு முழுக்க உடம்பைக் காக்கும். தவிடும் புண்ணாக்கும் அதற்கு ஈடாகாது.

கன்று நனைந்துவிட்டால் சாக்கால் அழுத்தித் துடைத்து, காய்ந்த வைக்கோலில் படுக்கவிடுங்கள். வாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள்: உள்ளே சில்லென்று இருந்து, விரலைச் சூப்பவும் மாட்டேன் என்றால் ஆபத்து. அந்த நிலையில் பாலோ பனங்கட்டித் தண்ணீரோ வாயில் ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் சூடேற்றுங்கள், சூப்பத் தொடங்கியபின் வெதுவெதுப்பான பால் கொடுங்கள். விழுந்த மாட்டைப் பக்கவாட்டில் கிடக்க விடாமல், சாக்கு மூட்டை அண்டைகொடுத்து நெஞ்சில் நிமிர்த்தி வையுங்கள். உடல் வெப்பம் 37 பாகைக்குக் கீழே என்றால் உடனே கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், மழை விட்டது என்று அறிக்கை சொன்ன அன்றே தறப்பாளைக் கழற்றாதீர்கள். வானம் வெளித்த இரவில் விடியப்புறக் குளிர் இன்னும் கூடும். நனைந்து களைத்த மாட்டுக்கு அதைத் தாங்கும் வலு இருக்காது.