டிடிஎஸ் மீட்டர் மட்டும் போதுமா?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள், சுற்றுச்சூழல் அறிவியலில் தானே செய்து பார்க்கும் செயல்திட்டம் ஒன்றை எட்டு வாரங்களில் முடிக்க வேண்டும். தெர்மாகோல் மாதிரி செய்வதில் அவளுக்கு விருப்பமில்லை. வர்த்தூர் ஏரித் தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்கிறாள். அதற்காக டிடிஎஸ் மீட்டர் வாங்கியிருக்கிறேன். அது போதுமா?

பதில்: ஏரிக்கு அது போதாது. ஆனால் உங்கள் குடியிருப்பின் குழாய்த் தண்ணீரை ஆராய்வதற்கு அந்த மீட்டரும் ஒரு சோப்புக்கட்டியும் இருந்தால் நல்ல செயல்திட்டம் ஒன்றைச் செய்துவிடலாம்.

முதலில் ஏரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெல்லந்தூர் ஏரியிலிருந்து வர்த்தூருக்கு வந்து, அங்கிருந்து தென்பெண்ணையில் கலந்து, ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணை வரை சென்று நுரைக்கும் அந்தத் தண்ணீரின் முதன்மையான சிக்கல் கழிவுநீர். கழிவுநீரால் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைகிறது, நோய்க்கிருமிகள் பெருகுகின்றன, நைட்ரஜனும் பாஸ்பரஸும் கூடுகின்றன. டிடிஎஸ் மீட்டர் அளப்பதோ நீரின் மின்கடத்துதிறனை மட்டுமே. அதை ஒரு பெருக்கெண்ணால் மாற்றி, கரைந்த உப்புகளின் மொத்த அளவாக (டிடிஎஸ்) திரையில் காட்டுகிறது. ஆக்சிஜனையும் கிருமியையும் அது அறியாது. கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறைக்கு அடர் கந்தக அமிலம் தேவைப்படுவதால், அதை ஆசிரியர் முன்னிலையில் ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். மேலும், கழிவுநீர் கலந்த ஏரிக்கரையில் ஒரு சிறுமி குனிந்து நீர் மொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெங்களூரு குடியிருப்புகள் பலவற்றில் காவிரித் தண்ணீர், போர்வெல் தண்ணீர், டேங்கர் தண்ணீர் ஆகியவை ஒரே சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) சேர்கின்றன. எனவே, 'எங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீரின் கடினத்தன்மை எதனால், எப்போது மாறுகிறது?' என்ற கேள்விக்கு உங்கள் மகள் அளந்தே விடை காணலாம். கால்சியம், மக்னீசியம் உப்புகளே கடினத்தன்மைக்குக் காரணம். அவை சோப்போடு சேர்ந்து கரையாத படிவாக மாறுவதால், அவை தீரும் வரை நுரை நிற்காது. ஆகவே நுரை நிற்பதற்குச் செலவாகும் சோப்புக் கரைசலே கடினத்தன்மையின் அளவுகோலாகிறது.

சோப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சலவைத்தூளும் ஷாம்பூவும் கடின நீரிலும் நுரைப்பவை. அவற்றைக் கொண்டு செய்தால் எல்லா மாதிரியும் ஒன்றுபோலவே தோன்றும். உறையில் 'கிரேடு 1 டாய்லெட் சோப்பு' என்று அச்சிட்ட கட்டியைச் சீவி, அதில் ஒரு கிராமை 100 மில்லி வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஆறவிடுங்கள். மூடியுள்ள சிறு புட்டியில் 20 மில்லி மாதிரி நீரை எடுத்து, சொட்டுக்குழலால் ஐந்தைந்து சொட்டாகக் கரைசலை விட்டு, ஒவ்வொரு முறையும் பத்து விநாடி குலுக்க வேண்டும். ஒரு நிமிடம் நுரை கலையாமல் நின்றால், அதுவரை விட்ட சொட்டுகளே கணக்கு. முதலில் காய்ச்சி வடித்த நீருக்கே இதைச் செய்து, அந்த எண்ணிக்கையை மற்றவற்றிலிருந்து கழித்துவிட வேண்டும். ஒவ்வொரு மாதிரியையும் மூன்று முறை சோதித்துச் சராசரி காண்பது கட்டாயம். அதைச் செய்யாத அட்டவணையை நான் நம்புவதில்லை.

உங்கள் மீட்டருக்கு உண்மையான வேலை இங்கேதான் வருகிறது. குடியிருப்பில் கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவி இருந்தால், அதற்கு முன்னும் பின்னும் நீரை எடுத்து இரண்டு முறைகளாலும் அளக்கச் சொல்லுங்கள். சோப்புச் சொட்டுகள் வெகுவாகக் குறையும். மீட்டரின் எண்ணோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஒரு கால்சியம் அயனியை எடுத்துக்கொண்டு இரண்டு சோடியம் அயனிகளைத் தருவதே சாஃப்ட்னரின் வேலை; எடையில் 40-க்கு ஈடாக 46 வந்து சேர்வதால் கரைந்த உப்பின் மொத்தம் குறைவதில்லை. மீட்டரின் எண் குறைந்தால் தண்ணீர் மென்மையாகிவிட்டது என்று நம்பும் பெரியவர்கள் ஏராளம். ஒன்பதாம் வகுப்பு மாணவி இதைச் செய்து காட்டினால், அதுவே செயல்திட்டத்தின் சிறந்த பக்கமாக அமையும்.

கொதிக்கவைத்த நீரையும் சோதிக்கலாம். பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை கொதிக்கும்போது வெண்படிவாகப் பிரிந்துவிடும். சல்பேட், குளோரைடால் வருவது பிரியாது. பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆற்றி, வடிகட்டிய பிறகு, ஆவியாகிக் குறைந்த அளவைக் காய்ச்சி வடித்த நீரால் ஈடுகட்ட மறக்கக் கூடாது. அதை விட்டுவிட்டால், எஞ்சிய உப்பு செறிவடைந்து கணக்கைத் தவறாக்கும். மழை நாளில் மாடியில் பிடித்த நீரையும் ஆர்ஓ கருவி வெளியேற்றும் நீரையும் ஒப்பீட்டுக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

குறிப்பேட்டில் தேதி, நேரம், அன்று டேங்கர் வந்ததா, மழை பெய்ததா என்பவற்றை எழுத வேண்டும். எதிர்பார்ப்புக்கு மாறாக வந்த எண்ணை அடித்துவிடக் கூடாது. வாரத்தில் இரு நாள்கள், அதே குழாயில், அதே நேரத்தில் எடுத்தாலே போதும்.

முடிவுரையில் 'இந்தத் தண்ணீர் குடிக்க உகந்தது' என்று அவள் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500 குடிநீருக்கு டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம், கடினத்தன்மை 200 மில்லிகிராம் என ஏற்கத்தக்க அளவுகளைக் குறித்தாலும், கிருமி, நைட்ரேட், ஃபுளோரைடு முதலியவற்றுக்கும் தனி வரம்புகள் வைத்திருக்கிறது. சொட்டுக் கணக்கு ஒப்பீட்டுக்கு மட்டுமே உரியது. அதை மில்லிகிராமாக மாற்ற வேண்டுமானால், ஒரு மாதிரியை மட்டும் ஆய்வகத்தில் கொடுத்து அளந்து, அந்த எண்ணோடு பொருத்திக்கொள்ளலாம்.