சூப்பர் மார்க்கெட்டில் நாமே பில் போடும் மெஷினையும் பாயிண்ட்ஸ் கார்டையும் நம்பலாமா?

மெஷினைத் தாராளமாக நம்பலாம். கார்டை விசாரித்துவிட்டு வாங்கலாம். போன் நம்பர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கையிறுக்கம் வேண்டும் என்பேன்.

கேள்வியில் மூன்று சந்தேகம் கேட்டிருக்கிறீர்கள். ஒரு சாமான் ஸ்கேன் ஆகாமல் பைக்குள் போய்விட்டால் திருட்டுப் பட்டம் கட்டிவிடுவார்களா, மெஷின் விலையைக் கூடுதலாகப் போட்டால் என்ன செய்வது, பில் வாங்க நம்பர் சொல்லித்தான் ஆகவேண்டுமா. எனக்குச் சொந்த ஊர் கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்து எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை. சித்தூர், வேலந்தாவளம், கோபாலபுரம், எல்லை தாண்டி பொள்ளாச்சி வரைக்கும் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்து, மக்கர் செய்தால் போய்ச் சரிசெய்வது பிழைப்பு. ஆகவே கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் மெஷின். எங்கள் பக்கத்துக் கடைகளில் இன்னும் வரவில்லை. பாலக்காட்டிலும் கோயம்புத்தூரிலும் மால்களில்தான் பார்க்கலாம். அதற்குத் தெரிந்ததெல்லாம் பார்கோடும் எடையும். பாக்கெட்டில் 890 என்று தொடங்கும் 13 இலக்க எண் இருக்கிறதே, அதில் விலை கிடையாது. அது பொருளின் அடையாள எண் மட்டும். விலை, கடைக் கம்ப்யூட்டரில் உள்ள பட்டியலிலிருந்து வருகிறது. ஷெல்பில் 92 என்று ஒட்டியிருக்க, மெஷின் 98 என்று காட்டினால், யாரோ ஒன்றை மாற்றி இன்னொன்றை மாற்ற மறந்திருக்கிறார்கள். கேஷியர் உட்கார்ந்திருந்தாலும் அதே 98தான் வரும். ஆனால் கேஷியர் அடிக்கும்போது நம் கண் திரையில் இருக்கும். நாமே அடிக்கும்போது கண் சாமானில் இருக்கும், திரையை யாரும் பார்ப்பதில்லை.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி மாறியது நினைவிருக்கும். சோப்பு, ஷாம்பு, டூத் பேஸ்ட்டெல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. அந்த வாரம் முழுக்க என் போன் ஓயவில்லை. பாதிப் பொருளுக்குப் புது விலை, பாதிக்குப் பழைய விலை, ஸ்டிக்கர் வேறு, பில் வேறு. அப்படிப்பட்ட சமயங்களில் ஒவ்வொரு வரியையும் பார்த்து அடியுங்கள். பாக்கெட்டில் அச்சான எம்ஆர்பியை விட ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் அது சட்டப்படி தப்பு.

காய்கறி, பழம் வேறு கதை. கடையிலேயே எடைபோட்டு ஒட்டித் தரும் லேபிளைப் பாருங்கள், எண் 2-ல் தொடங்கும். அது அந்தக் கடைக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண். பெரும்பாலும் நடுவில் பொருளின் கோடு, கடைசிப் பக்கம் எடை அல்லது விலை. 745 கிராம் கத்திரிக்காய் என்றால் 00745 என்று கண்ணாலேயே படிக்கலாம். கவருக்குள் என்ன இருக்கிறது என்று ஸ்கேனருக்குத் தெரியாது. லேபிள் சொன்னதுதான் வேதம். லேபிள் இல்லாமல் மெஷினிலேயே எடைபோட்டு, திரையில் படத்தைத் தொடச் சொல்லும் இடத்தில்தான் வம்பு. நேந்திரன், பூவன், செவ்வாழை, ரோபஸ்டா என்று வாழைப்பழப் படங்கள் வரிசையாக இருக்கும். நேந்திரனுக்கும் ரோபஸ்டாவுக்கும் விலை வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல. அவசரத்தில் படம் மாறினால் ஒன்று நமக்கு நஷ்டம், இல்லையென்றால் கடைக்கு நஷ்டம். கடைக்கு நஷ்டம் வரும்போதுதான் கேமரா, செக்யூரிட்டி எல்லாம் விழித்துக்கொள்ளும்.

அடித்த சாமானை வைக்கும் தட்டுக்கு அடியிலும் எடை பார்க்கும் கருவி உண்டு. ஸ்கேன் ஆன பொருளின் எடையும் தட்டில் ஏறிய எடையும் ஒத்துப்போகவில்லை என்றால் சிவப்பு விளக்கு எரியும். குழந்தை தட்டில் சாய்ந்தாலும் எரியும், கைப்பையை வைத்தாலும் எரியும். கூச்சப்படாமல் அங்கே நிற்கும் ஊழியரைக் கூப்பிடுங்கள், அதற்குத்தான் நிற்கிறார்கள்.

திருட்டுப் பயத்துக்கு வருகிறேன். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ம் பிரிவுப்படி, நேர்மையற்ற எண்ணம் இருந்தால்தான் திருட்டு. ஒரு பிஸ்கட் பாக்கெட் தவறிப்போய் ஸ்கேன் ஆகாமல் விட்டதை அப்படிச் சொல்ல முடியாது. வாசலில் நிறுத்தினால் ‘விட்டுப்போயிருக்குங்க, இப்பவே போட்டுக்கிறேன்’ என்று சொல்லி அதற்கும் பணம் கட்டி பில் வாங்கிக்கொள்ளுங்கள். வாக்குவாதத்தில் இறங்கி, மற்றவர்கள் வீடியோ எடுக்கும்படி ஆக்கிக்கொள்ள வேண்டாம். பில் முக்கியம். அந்த வழவழப்புக் காகிதத்தில் மையே கிடையாது, சூட்டில்தான் எழுத்து வரும். வண்டி டேஷ்போர்டில் வெயிலில் கிடந்தால் எழுத்தெல்லாம் மங்கிவிடும். மிக்சி, இஸ்திரிப்பெட்டி மாதிரி வாரண்டிச் சாமான் என்றால் கவுண்டரை விட்டு நகரும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள்.

மெஷின் மேல் எனக்கு உள்ள வருத்தம் வேறு. எங்கள் அத்தை தமிழ் மட்டும் படிப்பார். மால் மெஷினில் ஆங்கிலமும் மலையாளமும்தான். பத்து நிமிடம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “ஏஞ்சாமி, காசு நீட்டுனா வாங்குமா இது?” என்றார். வாங்காது, கார்டு, யுபிஐ மட்டும். சித்தூர் தாலுகாவில் சர்க்கார் ஆபீசுக்குத் தமிழில் மனு எழுதிப் போட உரிமை இருக்கிறது, மளிகைச் சாமான் வாங்கும் திரையில் தமிழ் இல்லை. கேஷியர் பெண் என்றால் ‘அம்மாயி, இது நூத்தி இருபது’ என்று தமிழிலேயே பேசியிருக்கும்.

அந்தப் பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கடையில் வேலை பார்ப்பவர்கள் நாள் முழுக்க நின்றே சாகக் கூடாது, உட்கார இடம் வேண்டும் என்று கேரளத்தில் பெண்கள் போராடி 2018-ல் சட்டம் கொண்டுவர வைத்தார்கள். 2021-ல் தமிழ்நாடும் அதே மாதிரி சட்டம் போட்டது. நாற்காலி வந்து சேர்ந்த கொஞ்ச காலத்தில் நாற்காலிக்கு ஆளே வேண்டாம் என்கிறது மெஷின். ஆனால் வெளிநாட்டில் காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. இங்கிலாந்தில் பூத்ஸ் என்ற கடைக்காரர்கள் 2023 நவம்பரில் பெரும்பாலான கிளைகளில் மெஷினை எடுத்துவிட்டு ஆட்களைத் திரும்ப உட்கார வைப்பதாக அறிவித்தார்கள். அமெரிக்காவில் டாலர் ஜெனரல் 2024-ல் சுமார் 12,000 கடைகளில் எடுத்தது; பணம் கட்டாமல் போகும் சரக்கு அங்கே பெரிய தலைவலி. ஆகவே வரிசையில் நின்று ஆளிடம் பில் போடுவேன் என்று நீங்கள் அடம்பிடித்தால் அது ஒன்றும் பத்தாம்பசலித்தனம் ஆகாது.

இனி கார்டு. எனக்குப் பேச நிறைய இருப்பது இதில்தான்.

பாயிண்ட்ஸ் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 ரூபாய்க்கு ஒரு பாயிண்ட், ஒரு பாயிண்டுக்கு 50 பைசா என்று வைத்துக்கொள்வோம். மாதம் 6,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கும் வீட்டுக்கு 30 ரூபாய். அதுவும் குறிப்பிட்ட அளவு சேர்ந்தால்தான் கழிக்கலாம், வருடம் தாண்டினால் காலாவதி என்பார்கள். அந்த 30 ரூபாய்க்குப் பதிலாக நீங்கள் கொடுப்பது: பெயர், நம்பர், பிறந்த நாள், கல்யாண நாள், பிறகு ஒவ்வொரு மாதமும் வீட்டுக்குள் போன அத்தனை சாமானின் பட்டியல். குழந்தை பிறந்ததா, வீட்டில் யாருக்காவது சர்க்கரை வந்ததா, மகள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாளா, எல்லாம் அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். இங்கிலாந்தில் டெஸ்கோ 1995-ல் கிளப்கார்டு கொண்டுவந்தபோதே இந்தச் சூட்சுமம் புரிந்துவிட்டது. தரவை அலசிய டன்ஹம்பி நிறுவனத்தாரிடம், முப்பது வருடத்தில் நான் அறியாததை மூன்று மாதத்தில் அறிந்துவிட்டீர்களே என்று டெஸ்கோவின் தலைவர் மலைத்தார் என்பார்கள்.

கேரள அரசின் மாவேலி ஸ்டோரிலும் மானிய விலைச் சாமானுக்கு ரேஷன் கார்டு கேட்கிறார்களே என்று நண்பர் ஒருவர் மடக்கினார். வாஸ்தவம்தான். ஆனால் அங்கே எந்தப் பொருள், எத்தனை கிலோ, என்ன விலை என்று போர்டில் எழுதி வைத்திருக்கிறது. கடைக் கார்டில் என்ன எழுதிக்கொள்கிறார்கள் என்று நமக்குக் காட்டுவதே இல்லை.

பெரிய கம்பெனியாவது பூட்டி வைக்கும். சின்னக் கடைகளில் நான் பார்ப்பது வயிற்றைக் கலக்கும். ஒரு கடையில் பழைய கம்ப்யூட்டரை மாற்றிக் கொடுக்கப் போனேன். டெஸ்க்டாப்பிலேயே ‘கஸ்டமர்’ என்று ஒரு எக்செல் ஃபைல். பெயர், நம்பர், பிறந்த நாள், கடைசியாக வாங்கிய தொகை. பாஸ்வேர்டு கிடையாது. பில் போட வரும் பையன் யார் நினைத்தாலும் வாட்ஸ்அப்பில் ஒரு அமுக்கு, முடிந்தது. பழைய ஹார்டு டிஸ்க்கை என்ன செய்ய என்று கேட்டேன். “ஆக்ரிக் கடைக்குப் போட்டுருங்க சார்” என்றார் முதலாளி, அசராமல். ஆக்ரிக் கடை என்றால் காயலான் கடை. அழித்த பிறகுதான் கொடுத்தேன்.

நம்பர் எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வித்தை வைத்திருக்கிறேன். கடைக்கு ஒரு இனிஷியல் மாற்றிச் சொல்வது. துணிக்கடை ஒன்றில் மட்டும் சொன்ன இனிஷியலைச் சொல்லி, வீட்டுமனை விற்பவர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். ‘எங்கே கிடைச்சதுங்க நம்பர்?’ என்றதும் வைத்துவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது? பில்லுக்கு நம்பர் கட்டாயமில்லை. 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் துறை, நம்பர் தந்தால்தான் பில் என்று வற்புறுத்துவது நியாயமற்ற வணிக முறை என்று சில்லறை வியாபாரச் சங்கங்களுக்கு எழுதிவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே, நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தை வெளியே விடுவது நியாயமற்ற வணிக முறைகளின் பட்டியலில் இருக்கிறது. ‘ஜிஎஸ்டிக்கு வேணும் சார்’ என்று சில கவுண்டரில் சொல்வார்கள். அது கதை. ஜிஎஸ்டி எண் இல்லாத சாதாரண வாடிக்கையாளருக்கு 50,000 ரூபாய்க்குக் குறைந்த பில்லில் பெயர், முகவரி கூடத் தேவையில்லை, போன் நம்பருக்கு எங்கே போவது? சாஃப்ட்வேரில் நம்பர் கட்டத்தைத் தாண்டிப் போக முடியாதபடி முதலாளி சொல்லி வைத்திருப்பார், அவ்வளவுதான். அந்தக் கட்டத்தில் 9-ஐப் பத்துத் தடவை அடித்துவிட்டுப் போகும் கேஷியர் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். நீங்களும் ‘நம்பர் வேண்டாம்மா’ என்று சொன்னால் அதைத்தான் செய்யும்.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. கடைக்காரர்கள் மேல் விழும் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். தரவைப் பத்திரமாக வைக்காவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். கேட்கச் சுகமாக இருக்கிறது, ஆனால் அந்தப் பணம் அரசுக் கஜானாவுக்கு. நம்பரைப் பறிகொடுத்தவருக்கு ஒரு பைசா இல்லை. நமக்குக் கைகொடுப்பது நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கு மேல் போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமும் கிடையாது. விளம்பரத் தொல்லைக்கு 1909. அனுப்புநர் பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்டு ஆங்கில ‘பி’ எழுத்து இருந்தால் அது விளம்பர எஸ்எம்எஸ்.

எல்லையில் இருப்பவர்கள் பலரிடம் இரண்டு மாநிலச் சிம் இருக்கும். அதில் உபயோகமில்லாத ஒன்றைக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் ரீசார்ஜ் விட்டுப்போய் சிம் செத்துவிட்டால், 90 நாளுக்குப் பிறகு போன் கம்பெனி அந்த நம்பரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். உங்கள் பாயிண்ட்ஸும் வாங்கின கணக்கும் அவருக்குப் போகும். இன்னொன்று: நம்பரை வாய் திறந்து சொல்லாமல் இருந்துவிட்டு, போன் நம்பரே ஐடியாக உள்ள யுபிஐயில் பணம் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஐடியை எழுத்தாக மாற்றிக்கொள்ளுங்கள், ஆப்பிலேயே வழி இருக்கிறது.

நான் என்ன செய்கிறேன் என்றால், மாதச் சாமான் வாங்கும் ஒரே கடையில் மட்டும் கார்டு. அங்கே எனக்கு முதலாளியைத் தெரியும், கம்ப்யூட்டரையும் தெரியும். மற்ற இடங்களில் கிடையாது. சில கடைகளில் கார்டு இருப்பவருக்கு ஒரு விலை, இல்லாதவருக்கு ஒரு விலை என்று இரண்டு எழுதியிருப்பார்கள். அந்தப் பொருளைப் பக்கத்துக் கடையில் விசாரித்தால், கார்டு விலைதான் ஊர் விலையாக இருக்கும் பல நேரம்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் போய் எடுக்கச் சொல்லுங்கள். பில் கணக்கு வரிக்காக இருக்கும், அதைத் தொட வேண்டியதில்லை. பெயரையும் நம்பரையும் மட்டும் தனியே அழிக்கலாம், இரண்டு நிமிட வேலை. ‘சிஸ்டத்துல முடியாதுங்க’ என்று சொன்னால், சாஃப்ட்வேர் போட்டவர் நம்பரைக் கேளுங்கள். பெரும்பாலும் மானிட்டர் ஓரத்திலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும்.