ஓடுபாதைத் தெரிவுநிலை எண் மாறிக்கொண்டே இருந்தால் விமானி எதை நம்புவார்?

பனிமூட்டத்தில் ஏ.டி.சி. (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) சொல்லும் ஆர்.வி.ஆர். எண், அதாவது ஓடுபாதையில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்ற அளவு, ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் விமானிகள் எப்படி இறங்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணை மட்டும் நம்பி நாங்கள் இறங்குவதில்லை. முயன்று பார்க்கலாமா, வேண்டாமா என்று சொல்வதுதான் அதன் வேலை.

எண் தாவுவதற்குக் கருவி பழுதாகியிருக்க வேண்டியதில்லை. ஓடுபாதையின் ஓரத்தில், தரையிலிருந்து சுமார் இரண்டரை மீட்டர் உயரத்தில் நிற்கும் சென்சார், தன் முன்னால் இருக்கும் கொஞ்சம் காற்றை மட்டுமே அளக்கிறது. பனியோ திட்டுத் திட்டாக நகரும். அதனால் சக்கரம் தரை தொடும் இடத்தில் 600 மீட்டர், நடுப்பகுதியில் 250 என்று வருவதெல்லாம் சகஜம். இன்னொன்று, ஓடுபாதை விளக்கின் பிரகாசமும் இந்தக் கணக்கில் சேர்த்தி. டவரில் விளக்கைக் கூட்டினால், பனி அப்படியே இருக்க, எண் மட்டும் ஏறிவிடும்.

ரேடியோ அலைகளால் விமானத்தை ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ்.ஸில், சாதாரண வகையான கேட்-1க்கு வழக்கமான வரம்பு 550 மீட்டர். விமான நிலையத்துக்கு மேல் 1000 அடிக்கு வருவதற்குள் எண் அதற்குக் கீழே போனால், அதற்கு மேல் தொடரக் கூடாது. 1000 அடியைத் தாண்டிய பிறகு குறைந்தால் 200 அடி வரை போய்ப் பார்க்கலாம். அங்கே விளக்குகள் கண்ணில் பட்டால் இறங்கலாம், இல்லையா, கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலேறிவிட வேண்டும். விமானம் தானாகவே இறங்கும் ஆட்டோலேண்ட் வேறு கதை, அதை விட்டுவிடுகிறேன்.

"எனக்கு ஓடுபாதை பளிச்சென்று தெரிகிறதே, எண் மட்டும் 400 என்கிறதே!" என்று எரிச்சல் வரும். அப்போதும் எண் சொல்வதைத்தான் கேட்க வேண்டும், அதுதான் சரி என்பேன். தரையை ஒட்டிப் படர்ந்த மெல்லிய பனியை மேலிருந்து பார்த்தால் ஓடுபாதை முழுசாகத் தெரியும். மூக்கை உயர்த்திச் சக்கரம் பதிக்கப் போகும் நேரத்தில் விமானம் அதற்குள் அமிழும். மிச்சம் தெரிவது நாலைந்து விளக்குகள்தான்.

எண் வரம்பையொட்டியே ஊசலாடினால் வட்டமடித்துக் காத்திருப்போம். எவ்வளவு நேரம் என்பதை எரிபொருள்தான் தீர்மானிக்கும். மாற்று விமான நிலையத்துக்கான எரிபொருளில் கை வைக்கும் நிலை வருவதற்கு முன்பே அங்கே போய்விடுவோம்.

புறப்படும்போது கொஞ்சம் சலுகை உண்டு. ஐரோப்பிய விதிகளின்படி, ஓட்டத்தின் தொடக்கப் பகுதிக்கு விமானியே கண்ணால் மதிப்பிடலாம். ஓர விளக்குகள் வழக்கமாக 60 மீட்டருக்கு ஒன்று இருக்கும். ஐந்து தெரிந்தால் ஏறக்குறைய 300 மீட்டர்.