முதியோர் தரப்பில் நின்று பேசுவோர்

கேள்வி: அமெரிக்காவின் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு 'ஓம்பட்ஸ்மேன்' எனப்படும் தன்னார்வலர்கள் சென்று வருகிறார்களாமே, அவர்களுக்கு என்ன அதிகாரம் உண்டு?

பதில்: தண்டிக்கும் அதிகாரம் எதுவும் இல்லை, அபராதமும் உரிம ரத்தும் அரசுத் துறைகளின் பொறுப்பு. 1972-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 1978-இல் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட இத்திட்டத்தில், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் கட்டணமின்றி இல்லவாசிகளைத் தனிமையில் சந்தித்து, அழைப்பு மணி அடித்தும் யாரும் வராதது முதல் முறையற்ற வெளியேற்றம் வரையிலான குறைகளைக் கேட்டறிந்து, நிர்வாகத்துடன் பேசித் தீர்க்க முயல்கிறார்கள். மருத்துவப் பராமரிப்பு இல்லத்திலிருந்து ஒருவரை வெளியேற்றப் பொதுவாக 30 நாள் எழுத்துபூர்வ முன்னறிவிப்பு தேவை என்பதும், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அதை எடுத்துச் சொல்வதே பல நேரங்களில் பேருதவியாகிவிடுகிறது.

நான் மிகவும் மதிப்பது வேறொரு விதியை. தம் விருப்பத்தைத் தெரிவிக்கக்கூடிய முதியவரின் சம்மதமின்றி, அவருடைய பெயரையோ குறையையோ இத்தன்னார்வலர்கள் பிறர் யாரிடமும் வெளியிடக் கூடாது. பிள்ளைகளே புகார் அளித்தாலும் (இது பிள்ளைகளுக்கு உவப்பாக இருப்பதில்லை), அதைத் தொடர்வதா கைவிடுவதா என்பதை அந்த முதியவர்தான் முடிவு செய்வார்.