எடுத்த முடிவு, வந்த முடிவு

வணக்கம்.

போன வாரம் ‘தி விட்சர் 3’ கணினி விளையாட்டை ஆடி முடித்தேன். 130 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பெரிய முடிவுகள் ஒவ்வொன்றையும் நிறுத்தி யோசித்துத்தான் எடுத்தேன். மரத்தடியில் சிறைப்பட்டுக் கிடக்கும் ஆவியை விடுவிப்பதா கொல்வதா என்று அரை மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்கெல்லிகே அரியணையில் யாரை உட்கார வைப்பது, ராடோவிட் மன்னனைக் கொல்லும் சதியில் சேர்வதா என்பதற்கெல்லாம் நோட்டுப் போட்டு எழுதாத குறைதான்.

கடைசியில், நாம் ஆடும் பூத வேட்டைக்காரன் கெரால்ட் மகளாக வளர்த்த சிரி திரும்பி வரவில்லை. கெரால்ட் சதுப்பு நிலத்துக் குடிசையில் தன் குரு வெஸமிரின் பதக்கத்தோடு உட்கார்ந்திருக்க, வெளியே பூதங்கள் சூழ்கின்றன. அவ்வளவுதான்.

காரணம் தேடினேன். சிரியோடு பனியுருண்டை எறிந்து விளையாடாமல் குடிக்க உட்கார்ந்துவிட்டேனாம். சூனியக்காரிகளைப் பார்க்க அவள் போனபோது துணைக்குப் போனேனாம். அவள் கோபப்பட்டபோது அமைதியாக இரு என்றேனாம். மூன்றையும் அக்கறையில்தான் செய்தேன். இவையெல்லாம் முடிவைத் தீர்மானிக்கும் இடங்கள் என்று விளையாட்டு ஓரிடத்திலும் சொல்லவில்லை. தெரியாமல் செய்வது தேர்வாகுமா? அப்படியானால் மற்ற 130 மணி நேரத்துக்கு என்ன அர்த்தம்? சேமித்து வைத்த பழைய சேவ் கோப்பைத் திறந்து மாற்றி ஆடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல் தடவை எனக்கும் இதே முடிவுதான் வந்தது. கணினியை அணைத்துவிட்டு இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஆகவே இதை நடுநிலையான பதில் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். (இன்னும் ஆடாதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கடிதத்திலேயே பாதிக் கதை வெளியாகிவிட்டது, அது வேறு விஷயம்.)

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2015இல் வந்த இந்த விளையாட்டில் சிரியின் கதி ஐந்து சின்ன இடங்களில் தீர்மானமாகிறது. வெஸமிர் செத்த துக்கத்தில் இருப்பவளோடு பனியுருண்டை எறிந்து விளையாடுவதா, குடிப்பதா. அவளைப் பெற்ற தகப்பன், நில்ஃப்கார்ட் பேரரசர் எம்ஹிரிடம் கூட்டிப்போனால் அவர் தரும் பணத்தை வாங்குவதா, மறுப்பதா. சூனியக்காரிகள் அவையை அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவதா, கூடவே நுழைவதா. அவளுக்குக் குருவாக இருந்த அவலாக்கின் ஆய்வுக்கூடத்தை அவள் உடைக்க நினைக்கும்போது உடை என்பதா, அடக்குவதா. தனக்கு உதவிய ஸ்க்யாலின் கல்லறைக்குப் போக வேண்டும் என்று அவள் கேட்கும்போது உடன் போவதா, நேரமில்லை என்பதா. இவற்றில் மூன்று அவளுக்குத் தெம்பு கொடுக்கும் பக்கம் விழுந்தால் போதும், வந்துவிடுவாள்.

ஐந்தில் ஒன்றுக்குக்கூட வாள் தேவையில்லை. எந்த ராஜ்ஜியமும் கைமாறவில்லை.

நீங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட பெரிய முடிவுகள் வீண்போகவும் இல்லை. ராடோவிட் செத்தானா, அதன்பின் சதிகாரர்களில் நீங்கள் டைக்ஸ்ட்ரா பக்கம் நின்றீர்களா ரோஷ் பக்கம் நின்றீர்களா என்பதை வைத்துத்தான் வடக்கு நாடுகளை யார் ஆளப்போகிறார்கள் என்பது முடிவாகிறது. சிரி பேரரசியாக வேண்டுமென்றால் நில்ஃப்கார்ட் போரில் ஜெயித்திருக்க வேண்டும், அவளைத் தகப்பனிடம் கூட்டிப் போயிருக்கவும் வேண்டும். ஆனால் அவள் உயிரோடு திரும்புவாளா என்ற கேள்விக்கு இதில் எதுவும் உதவாது. நாட்டுக் கணக்கு ஒரு பேரேடு, பிள்ளைக் கணக்கு இன்னொரு பேரேடு. ஒன்றில் வைத்த வரவை மற்றதில் காட்ட முடியாது. ஊரையே காப்பாற்றினேனே என்று வீட்டில் சொல்லிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

அக்கறையில்தான் செய்தேன் என்கிறீர்கள். நம்புகிறேன், நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் அவள் பக்கம் நின்று பாருங்கள். வைல்ட் ஹண்ட் படை துரத்த உலகம் விட்டு உலகம் தாவித் தப்பித்து வந்தவள். அவளுக்கு ஓர் அறைக்குள் போய் நாலு பேரிடம் பேச நம் துணை வேண்டும் என்று நாமாக நினைத்துக்கொண்டோம். அவள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? நம் அன்பு எவ்வளவு என்று விளையாட்டு அளக்கவே இல்லை. அவளை நம்பினோமா என்று மட்டும் பார்த்தது.

அந்தக் கடைசிக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். உலகங்களையே உறைய வைக்கும் வெண்பனிப் பேரழிவைத் தடுக்க அவள் தனியாக உள்ளே போகிறாள். போகும்போது பழைய காட்சிகள் அவள் நினைவில் ஓடுகின்றன. எல்லாம் மேலே சொன்ன சின்ன இடங்கள்தான். எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கத்தின் காட்சி. தமிழில் நாம் எடுப்பதும் முடிவு, கதைக்கு வருவதும் முடிவு. ஒரே சொல்லாக இருப்பதால், எடுத்ததுதான் வந்தது என்று எளிதாக நினைத்துவிடுகிறோம். இங்கே எடுத்ததற்கும் வந்ததற்கும் நடுவில் ஒருத்தி இருக்கிறாள். உள்ளே போய்த் தாக்குப்பிடித்துத் திரும்பியதும் திரும்பாததும் அவள் கதை. அதுவரை அவள் எப்படிப்பட்டவளாக ஆனாள் என்பதில்தான் நமக்குப் பங்கு.

சரி, சொல்லவில்லையே என்ற புகார். இதில் பாதி நியாயம் இருக்கிறது. கெரால்ட் என்ன பேசுவான் என்பதைத் திரையில் நாலைந்து சொற்களில்தான் காட்டுகிறார்கள். நாம் அழுத்துவது ஒன்று, அவன் செய்வது வேறொன்று. ‘எல்லாவற்றிலும் கெட்டிக்காரியாக இருக்க வேண்டியதில்லை’ என்பது எந்தப் பெரியவரும் ஆறுதலாகச் சொல்லக்கூடியது. அதை அழுத்தினால் புட்டி திறக்கிறது. ‘உன்னைத் தேற்ற என்னிடம் ஒரு வழி இருக்கிறது’ என்ற பொருளில் வரும் இன்னொரு வரியைப் பார்த்ததும் எனக்குப் புட்டிதான் ஞாபகம் வந்தது, அதனால் தவிர்த்தேன். பனியுருண்டை அதற்குள்தான் இருந்தது! இது எழுத்தில் இருக்கும் கோளாறு. இதற்கு நம்மைக் குறை சொல்ல முடியாது.

மீதிப் பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். ‘இது முக்கியமான இடம்’ என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நிறுத்தி, அரை மணி நேரம் யோசித்து, சரியான விடையைப் போட்டிருப்பீர்கள். மரத்தடி ஆவிக்குச் செய்தது போல. அது பரீட்சை எழுதுவது. யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது நாம் எப்படி இருக்கிறோம் என்பதை அறிவிப்பு கொடுத்துவிட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

தேர்வை வெளிச்சத்தில் வைக்கும் விளையாட்டுகளும் இருக்கின்றன. 2022இல் வந்த ‘எல்டன் ரிங்’கில் ஆறு முடிவுகள். கடைசிச் சண்டைக்குப் பிறகு, வழியில் என்னென்ன சேர்த்து வைத்தீர்களோ அவற்றிலிருந்து ஒன்றை எடுக்கச் சொல்லும். சேர்ப்பதற்குத்தான் பாடுபட வேண்டும், எடுப்பது ஒரு பொத்தான். அது அந்த உலகத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் 2012இல் ‘மாஸ் எஃபெக்ட் 3’ வந்தபோது (விண்வெளிக் கதை, மந்திரக் கதை இல்லை, ஆனாலும் நம் பேச்சுக்கு வேண்டும்) உங்கள் புகாருக்கு நேர் எதிரான புகார் கிளம்பியது. மூன்று பாகங்களாக யாரைக் காப்பாற்றினோம், யாரைக் கைவிட்டோம் என்று சுமந்து வந்தவர்களைக் கடைசியில் சில பாதைகளுக்கு முன்னால் நிறுத்தி ஒன்றைப் பொறுக்கு என்றார்கள். காட்சிகளில் பெரிய வித்தியாசம் நிறம்தான் என்று ஆடியவர்கள் கொதித்தார்கள். சில மாதங்களிலேயே நீட்டிய முடிவை இலவசமாகக் கொடுக்க வேண்டி வந்தது. தேர்வு என்று சொல்லிவிட்டுத்தான் அங்கே கேட்டார்கள். யாருக்கும் திருப்தியில்லை.

எல்லாத் தேர்வுக்கும் தனித்தனி முடிவு எழுதினால் என்ன என்று கேட்கலாம். எழுத முடியாது. ஆம், இல்லை என்று இரண்டே விடையுள்ள பத்துத் தேர்வுகளுக்கு 1,024 பாதைகள் வரும். இருபது என்றால் பத்து லட்சத்தைத் தாண்டும். அதனால் கதையைப் பிரித்துவிட்டு, கொஞ்ச தூரத்தில் மறுபடி ஒரே இடத்தில் சேர்த்துவிடுவார்கள். நீங்கள் செய்ததை உள்ளே ஒரு குறியாகவோ எண்ணாகவோ எழுதி வைத்துக்கொண்டு, பிற்பாடு ஒரு வசனத்திலோ, யார் வந்து நிற்கிறார் என்பதிலோ காட்டுவார்கள். 2023இல் ‘பால்டர்ஸ் கேட் 3’ வருவதற்குச் சற்று முன்பு 17,000 முடிவுகள் என்று பேச்சு அடிபட்டது. பதினேழாயிரம் கதைகளை யாரும் எழுதவில்லை. துணைக்கு வரும் ஒவ்வொருவர் கதியிலும் சில வகைகள், அவற்றை ஒன்றோடொன்று பெருக்கினால் எண் எகிறும்.

அந்த எண்ணை மறந்துவிட்டு, அதில் துணைக்கு வரும் கார்லாக்கைப் பாருங்கள். நெஞ்சில் இதயத்துக்குப் பதில் நரகத்து எந்திரம். நரகத்துக்கு வெளியே இருந்தால் அது சூடேறி ஒருநாள் அவளையே எரித்துவிடும். நீங்கள் எத்தனை வேலை முடித்தாலும் முழுதாகக் குணமாக்கும் வழி கிடையாது. கடைசியில் துறைமுகத்தில் அவள் எரிய ஆரம்பிக்கும்போது, நரகத்துக்குத் திரும்பலாம், நானும் கூட வருகிறேன் என்று சொல்ல முடியும். திரும்பவே மாட்டேன் என்று கதை முழுக்கச் சொன்னவள் அவள். இங்கேயும் எடுத்ததற்கும் வந்ததற்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிறாள். வெளியாகி ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து, கதை முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகு எல்லோரும் கூடும் ஒரு விருந்தைச் சேர்த்தார்கள். அங்கே யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று பார்த்தபோதுதான் எனக்கு விளையாட்டு முடிந்தது போல இருந்தது.

அப்புறம், யோசித்து எடுத்தால் நல்லது வரும் என்ற நம்பிக்கையை எனக்கு உடைத்தது ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’. 2009இல் வந்தது. பூமிக்கடியில் குள்ளர்களின் நகரம் ஆர்ஸமார். அரசர் இறந்துவிட்டார், அரியணைக்கு இரண்டு பேர். ஹாரோமான்ட் நேர்மையான கிழவர், மறைந்த அரசரின் நம்பிக்கைக்குரியவர். பெலன் அரசரின் மகன், பதவிக்காகச் சொந்த அண்ணன்களையே தீர்த்துக்கட்டப் பார்த்தவன். யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள்? நான் கண்ணை மூடிக்கொண்டு ஹாரோமான்ட் பக்கம் போனேன். கதை முடிந்து பின்னுரை வந்தது. நல்லவர் ஆட்சியில் நகரம் கதவை மூடிக்கொள்கிறது, வெளியுலக வணிகம் சுருங்குகிறது, சாதிக் கட்டு இறுகுகிறது. பெலனை வைத்து மறுபடி ஆடிப் பார்த்தேன். சபையைக் கலைத்துவிட்டுக் கொடுங்கோலனாகத்தான் ஆள்கிறான். ஆனால் மேலுலகத்தோடு வணிகம் பெருகுகிறது, சாதியே இல்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு உரிமை கிடைக்கிறது.

இங்கே தேர்வு முழுசாக வெளிச்சத்தில் இருந்தது. இதுதான் முடிவெடுக்கும் இடம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியும் தப்பிப்போனது, ஏனென்றால் நான் ஆளை எடைபோட்டேன், அவர்கள் எதைக் காப்பாற்ற நினைக்கிறார்கள் என்று கேட்கவில்லை. ஹாரோமான்ட் மரபைக் காப்பவர் என்று எல்லோரும் என்னிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். சாதியற்றவர்களை ஒதுக்கி வைத்த தூசி நகரில் கிடப்பவர்களுக்கு அந்த மரபு என்னவாக இருந்தது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகும்! விளையாட்டை எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதையும் பாருங்கள். குள்ள அரச குடும்பத்தில் பிறந்தவராகத் தொடங்கினால், உங்களைக் கொலைப் பழியில் மாட்டிவிட்ட தம்பி இந்தப் பெலன். சாதியற்றவராகத் தொடங்கினால், உங்கள் அக்கா அவனுக்குப் பிள்ளை பெற்றவள். அதே இரண்டு பேர், அதே அரியணை. முடிவெடுப்பவர் வேறு.

இனி சேவ் விஷயம். 2007இல் வந்த முதல் ‘விட்சர்’ இதை ஒரு தந்திரத்தால் தடுத்தது. ஆற்றங்கரையில் சில பெட்டிகளைக் காவல் காக்கிறோம். எல்ஃப் போராளிகள் வந்து கேட்கிறார்கள், கொடுக்கலாம், மறுக்கலாம். கொடுத்தால் அப்போதைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த அத்தியாயத்தில், பல மணி நேரம் ஆடிய பிறகு, நமக்கு வேண்டிய ஓர் ஆளை அவர்கள் கொன்றிருப்பார்கள். அங்கிருந்து பின்னால் போய் மாற்ற யாருக்குப் பொறுமை இருக்கும்? 2015இல் வந்த ‘அண்டர்டேல்’ இன்னும் ஒருபடி மேலே போனது. எல்லோரையும் கொன்று ஒருமுறை முடித்துவிட்டு, புதிதாகத் தொடங்கி ஒருவரையும் கொல்லாமல் நல்லவராக ஆடினாலும் பழைய கறை அந்த நல்ல முடிவின் மேல் தெரியும். பழைய ஆட்டத்தை அழித்தேனே என்றால், விளையாட்டு மறக்கவில்லை.

‘விட்சர் 3’ அவ்வளவு கண்டிப்பானது இல்லை. வெஸமிரின் இறுதிச் சடங்குக்கு முந்தைய சேவ் உங்களிடம் இருந்தால் ஐந்து இடங்களும் அதற்குப் பிறகுதான் வருகின்றன, தாராளமாக மாற்றலாம். எந்தக் கறையும் ஒட்டாது. எனக்கென்னவோ இப்போதே திறக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. ஐந்து விடைகளும் மனப்பாடமாக இருக்கும்போது நீங்கள் சிரியோடு பேச மாட்டீர்கள், பட்டியலைச் சரிபார்ப்பீர்கள். ஒரு வருடம் போகட்டும், பாதி மறக்கட்டும், முதலிலிருந்து தொடங்குங்கள்.

நான் அப்படித்தான் இரண்டாம் தடவை ஆடினேன். பனியுருண்டைச் சண்டையில் சிரி என்னைத் துவைத்து எடுத்துவிட்டாள். அதற்கும் எங்கோ ஒரு கணக்கு எழுதியிருப்பார்களோ என்று கடைசிவரை பயந்துகொண்டே இருந்தேன். எழுதவில்லை. அவளோடு விளையாடியதே போதுமாம்.