95 சதவீதம் எப்படித் தவறியது? கேம் ஆயுதங்களும் மீம்களும்: கேள்வி பதில்

கேமில் ஒரு துப்பாக்கி சுடும்போது உள்ளே என்ன கணக்கு நடக்கிறது என்று தோண்டிப் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் மீம்களைப் பற்றியவைதான் அதிகம். அதில் எனக்கு ஆச்சரியமில்லை. கண் பார்ப்பது ஒன்று, கணக்கு சொல்வது வேறொன்று என்று ஆகும் இடத்தில்தான் பெரும்பாலும் மீம் பிறக்கிறது.

அண்ணா, ‘ஹிட்ஸ்கேன்’ என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

தோட்டாவே இல்லை என்று அர்த்தம். நீங்கள் பட்டனை அழுத்திய கணத்தில், குறிபார்த்த திசையில் கேம் ஒரு நேர்கோடு போடுகிறது. கோடு முதலில் எதைத் தொடுகிறதோ அதற்கு அடி. குழாயிலிருந்து வரும் நெருப்பு, பறக்கும் ஒளிக்கோடு, சுவரில் விழும் ஓட்டை எல்லாம் முடிவு தெரிந்த பிறகு நம் கண்ணுக்காகப் போடுபவை. 1993இல் வந்த டூம் கேமின் பிஸ்டலும் ஷாட்கன்னும் இப்படித்தான். கவுன்டர் ஸ்ட்ரைக் துப்பாக்கிகளும் இப்படித்தான். ராக்கெட் லாஞ்சர் வேறு ரகம். அதில் நிஜமாகவே ஒரு பொருள் கேம் உலகத்துக்குள் பறந்து வருகிறது, பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம்.

சுவருக்குப் பின்னால் போன பிறகும் சாகிறேன். ‘நான்தான் ஒளிந்துவிட்டேனே’ மீம் தினமும் எனக்கு நடக்கிறது. எதிராளி ஏமாற்றுகிறானா?

பெரும்பாலும் இல்லை தம்பி. அவன் திரையில் நீ இன்னும் வெளியேதான் நின்றுகொண்டிருந்தாய். நீ நகர்ந்த செய்தி சர்வருக்குப் போய், அங்கிருந்து அவனிடம் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் ஆகும். அதனால் பல கேம்களின் சர்வர், யார் எந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்பதைச் சிறிது காலத்துக்கு நினைவில் வைத்திருக்கிறது. அவன் சுட்டதாகச் செய்தி வந்ததும், அவன் பார்த்த நேரத்துக்கு எல்லோரையும் பின்னால் நகர்த்தி வைத்து, குறி பட்டதா என்று பார்க்கிறது. பட்டிருந்தால் அடி உனக்குத்தான்.

நொடிக்கு 5 மீட்டர் ஓடுகிறாய், தாமதம் 100 மில்லிநொடி என்று வைத்துக்கொள். அரை மீட்டர் வித்தியாசம். சுவரின் ஓரத்தில் அரை மீட்டர் என்பது உயிர் போகும் தூரம். இப்படிச் செய்யாவிட்டால் ஒவ்வொருவரும் தன் பிங்குக்கு (செய்தி சர்வருக்குப் போய்வர ஆகும் நேரம்) ஏற்றபடி எதிராளிக்கு முன்னால் இருக்கும் காற்றைக் குறிவைக்க வேண்டியிருக்கும். இரண்டில் இதுவே நியாயமான ஏற்பாடு என்பது என் கருத்து. குறி சரியாக வைத்தவனுக்குப் பலன் கிடைக்க வேண்டும்.

டூமின் பி.எஃப்.ஜி. 9000 ஒரே குண்டில் அறையையே காலி செய்வது எப்படி? பெரிய வெடிப்புதானே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வெடிப்பே இல்லை! பச்சைப் பந்து எதன்மீது படுகிறதோ அதற்கு மட்டும் 100 முதல் 800 வரை அடி. அறையில் இருக்கும் மற்றவர்களைக் கொல்வது பந்து இல்லை, நீங்கள்.

பந்து மோதிச் சுமார் அரை நொடி கழித்து, உங்கள் உடலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத 40 கதிர்கள் 90 டிகிரி அகலத்துக்கு விசிறியாக விரிகின்றன. எந்தக் கதிர் எந்தப் பேயைத் தொட்டாலும் அதற்குத் தனி அடி. விரியும் திசை பந்து பறந்த திசை. ஆனால் விரியும் இடம், அந்தக் கணத்தில் நீங்கள் நிற்கும் இடம். ஆக, வெளியே நின்று சுவரைப் பார்த்துச் சுட்டுவிட்டு, பந்து மோதுவதற்குள் அறைக்குள் நுழைந்து நின்றால், அதே திசையில் உங்களுக்கு எதிரே இருப்பவை எல்லாம் விழும். பந்து அந்த அறைக்குள் வந்திருக்கவே வேண்டாம். பேய் பக்கத்தில் நின்றால் ஒரே உடம்பில் நிறையக் கதிர்கள் விழும், தூரத்தில் நின்றால் ஒன்றிரண்டுதான். அதனால்தான் இந்த ஆயுதம் சில நேரம் எமனாகவும் சில நேரம் வீணாகவும் தெரிகிறது. மூலநிரல் 1997இல் வெளியானதால், யார் வேண்டுமானாலும் அந்தச் சில வரிகளைப் படித்துப் பார்க்கலாம். நான் முதல்முறை படித்த அன்று இரவே மறுபடி விளையாடினேன். அது வேறு ஒரு கேம் போல இருந்தது.

ஏலியன்களோடு முறை வைத்து மோதும் எக்ஸ்காம் கேமில் துப்பாக்கி முனை ஏலியன் முகத்தில் இடிக்கிறது, 95 சதவீதம் என்று காட்டுகிறது, ஆனாலும் தவறுகிறது. கேம் பொய் சொல்கிறதா?

சொல்கிறது, ஆனால் உங்களுக்குச் சாதகமாக! முதலில் கணக்கைப் பார்ப்போம். 95 சதவீத வாய்ப்புள்ள ஷாட்டைப் பத்து முறை எடுத்தால், ஒரு முறையாவது தவறுவதற்கான வாய்ப்பு 40 சதவீதம். இருபது முறை எடுத்தால் 64 சதவீதம். ஒரு மாலை முழுக்க விளையாடினால் தவறாமல் இருப்பதுதான் அதிசயம். நம் மனசோ 95 என்று பார்த்தால் ‘நிச்சயம்’ என்று படித்துவிடுகிறது.

அப்புறம் அந்தப் படம். பகடை முதலில் உருண்டுவிடுகிறது. ‘தவறியது’ என்று முடிவான பிறகுதான் வீரர் துப்பாக்கியைத் தூக்கும் அசைவு தொடங்குகிறது. எதிரி எவ்வளவு பக்கத்தில் நின்றாலும், முடிவுக்கு ஏற்றபடி தோட்டா எங்காவது போயாக வேண்டும். அதனால்தான் முகத்துக்கு நேராகப் பிடித்த ஷாட்கன் கூரையைச் சுடுகிறது. மீம் ஆகாமல் என்ன செய்யும்?

பொய் எங்கே என்றால், எளிய நிலைகளில் திரையில் காட்டுவதைவிட உங்கள் உண்மையான வாய்ப்பை எக்ஸ்காம் 2 ரகசியமாகக் கூட்டிவைக்கிறது. ஃபயர் எம்ப்ளம் வரிசை இன்னும் துணிச்சலானது. 2002இல் வந்த கேமிலிருந்து அதன் பல பாகங்களில் ஒரு தற்செயல் எண்ணுக்குப் பதில் இரண்டு எண்கள் எடுத்து, அவற்றின் சராசரியைத்தான் திரையில் காட்டும் சதவீதத்தோடு ஒப்பிடுகிறார்கள். சராசரி நடுப்பக்கமே சாயும் என்பதால், காட்டும் 90 உண்மையில் சுமார் 98, காட்டும் 10 சுமார் 2. நம் மனசு ‘தொண்ணூறு’ என்று எதை நினைக்கிறதோ, அதற்கேற்ப எண்ணை வளைத்திருக்கிறார்கள். இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆட்டக்காரரைப் புரிந்துகொண்ட ஒருவர் செய்த வேலை இது.

தோற்ற ஷாட்டுக்கு முன்னால் சேவ் செய்ததை எடுத்து மறுபடி சுட்டாலும் அதேபோலத் தவறுகிறதே?

பகடையின் விதை எண்ணும், அதாவது அடுத்தடுத்த தற்செயல் எண்கள் பிறக்கும் தொடக்க எண்ணும், சேவ் கோப்பில் இருக்கிறது. அதே வரிசையில் செய்தால் அதே முடிவுதான். வேறு வீரரை முதலில் சுட வைத்துப் பாருங்கள், முடிவு மாறலாம்.

பப்ஜியில் தோசைக்கல் மாதிரி இருக்கும் அந்தப் பேன் தோட்டாவைத் தடுப்பது பக் (நிரல் பிழை) தானே?

இல்லை. பப்ஜியில் தோட்டா ஹிட்ஸ்கேன் கிடையாது. பறந்து வரும், தூரம் போகப் போகக் கீழே இறங்கும். பேனுக்கு அந்த உலகத்தில் தனி உருவம் உண்டு. முதுகுப் பக்கம் தொங்கினாலும் அந்த உருவம் மறைவதில்லை. தோட்டா உடம்பைத் தொடும் முன் பேனைத் தொட்டால் அங்கேயே நின்றுவிடும். கவசச் சட்டைக்குத் தேய்மானம் உண்டு, பேனுக்கு இல்லை. எத்தனை தோட்டா பட்டாலும் அப்படியே இருக்கும். மீம் உலகம் அதைக் கொண்டாடுவதில் முழு நியாயம் இருக்கிறது.

‘முழங்காலில் அம்பு’ என்றால் கல்யாணம் ஆகிவிட்டது என்று பொருளாமே?

இல்லை. 2011இல் வந்த ஸ்கைரிமில் காவலர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் வசனம், அவ்வளவுதான். பழைய நோர்ஸ் வழக்கு என்ற கதைக்கு ஆதாரம் எதுவும் கிடையாது.

சிவிலைசேஷன் கேமில் காந்தி அணுகுண்டு போடுவது ஒரு பக் என்று படித்தேன். விளக்க முடியுமா?

எல்லோரும் சொல்லும் கதை இதுதான். 1991இல் வந்த முதல் கேமில் காந்தியின் ஆக்ரோஷ எண் 1. ஜனநாயகத்துக்கு மாறினால் அதில் 2 குறையும். கழித்தல் எண்ணை வைத்துக்கொள்ள முடியாத, 0 முதல் 255 வரை மட்டுமே பிடிக்கும் 8 பிட் இடம் என்பதால் அது சுற்றி வந்து 255 ஆகிவிட்டது, காந்தி அணுகுண்டைத் தூக்கிவிட்டார்.

எவ்வளவு அழகான கதை! ஆனால் உண்மை இல்லை. கேமை உருவாக்கிய சிட் மெயரே 2020இல் வெளியான தன் நினைவுக்குறிப்பில் அப்படி ஒரு பக் இருக்கவில்லை என்று எழுதிவிட்டார். அடுத்த பாகத்தை வடிவமைத்த பிரையன் ரெனால்ட்ஸும் மறுத்திருக்கிறார். முதல் கேமில் ஆக்ரோஷத்துக்கு மூன்றே படிகள்தான். காந்திக்கு இருந்த மிகத் தாழ்ந்த படி வேறு பல தலைவர்களுக்கும் இருந்தது. அணுகுண்டு கைக்கு வந்தால் எந்தத் தலைவரும் மிரட்டுவார், காந்தியும் மிரட்டினார். மற்றவர்கள் மிரட்டியது யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. இந்த முகம் மிரட்டியது மட்டும் நின்றது.

பிறகு நடந்ததுதான் எனக்கு வியப்பு. 2010இல் வந்த ஐந்தாம் பாகத்தில், பத்து வரை போகும் அணுகுண்டு விருப்ப எண்ணைக் காந்திக்கு மட்டும் வேண்டுமென்றே 12 என்று வைத்தார்கள். இல்லாத பக் பற்றிய கதை பரவியது அதற்குப் பிறகுதான். இன்று அந்தக் கேமில் காந்தி குண்டு போட்டால், அது விதிப்படியே நடக்கிறது.

கேம் ஷாட்கன் ஏன் நாலு அடிக்கு அப்பால் வேலைக்கு ஆகாது?

மற்ற துப்பாக்கிகளைக் காப்பாற்றத்தான். நிஜத்தில் சிதறல் மீட்டருக்குச் சில சென்டிமீட்டர்தான் விரியும், பத்து மீட்டரில் ஒரு தட்டு அகலம். அதை அப்படியே வைத்தால் வேறு துப்பாக்கியை யாரும் தொட மாட்டார்கள்.

நான் சொந்தமாக ஒரு கேம் செய்கிறேன். பேயை உறிஞ்சி அதையே திருப்பிச் சுடும் துப்பாக்கி வைக்க ஆசை. எங்கே தொடங்குவது?

படம் வரைவதைத் தள்ளிப்போடுங்கள். முதலில் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: உறிஞ்சுவது நேர்கோடா, கூம்பா? எவ்வளவு கனமான பேய் வரை? உள்ளே இருக்கும்போது இன்னொன்றை உறிஞ்ச முடியுமா? பறக்கும் பேய் மோதினால் அடி யாருக்கு, இருவருக்குமா? சாம்பல் நிறச் சதுரங்களை வைத்தே விளையாடிப் பாருங்கள். 2004இல் வந்த ஹாஃப் லைஃப் 2வின் கிராவிட்டி கன்னை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். எடுக்க முடியாத பொருள் என்றால் அது ஒரு வறட்டுச் சத்தம் போடும். அந்தச் சத்தத்தாலேயே விதி முழுக்கப் புரிந்துவிடும். உங்கள் துப்பாக்கிக்கும் ‘முடியாது’ என்று சொல்ல ஒரு சத்தம் வேண்டும். அதை முதல் வாரமே சேர்த்துவிடுங்கள்.