தோட்டத்துக் கோயிலில் மறைசாட்சிகளுக்கு விழா: எது தகும், எது தகாது?

கேள்வி: தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் உபதேசியாராக இருக்கிறேன். தைப்பொங்கலை ஒட்டி புனித தேவசகாயத்துக்கும் மன்னார் மறைசாட்சிகளுக்கும் ஒரே விழாவாக எடுக்கக் கோயில் சபை விரும்புகிறது. இரண்டு படத்தையும் பீடத்தருகே வைத்து மன்றாட்டுமாலை சொல்லலாமா? திருப்பண்டம் (புனிதரின் உடலெச்சம் அல்லது அவர் பயன்படுத்திய பொருள்) எங்கே கிடைக்கும்?

பதில்: ஒரே விழாவாக எடுக்காதீர்கள். விசுவாசத்தை மறுதலிக்க மாட்டோம் என்று உயிரைக் கொடுத்த பொதுநிலையினர்தான் (குருவோ துறவியோ அல்லாதவர்கள்) எல்லாரும். ஆனால் திருச்சபை இவர்களுக்கு இதுவரை தந்திருக்கும் நிலை ஒன்றல்ல.

தேவசகாயம் 1745இல் தமிழ்நாட்டின் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1749இல் சிறைப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்டதால் உலகில் எந்தக் கோயிலிலும் அவருக்கு வெளிப்படையான வணக்கம் செலுத்தலாம். 1544இல் யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி மன்னன் காலத்தில் மன்னாரில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 600 பேர் இன்னும் முத்திப்பேறு நிலைக்கு, அதாவது புனிதர் நிலைக்கு முந்திய அருளாளர் நிலைக்கு, உயர்த்தப்படவில்லை. அருளாளர், புனிதர் பட்டியலில் இடம்பெற்றவர்களுக்கே பொது வணக்கம் என்பது திருச்சபைச் சட்டம் 1187.

ஆகவே ஜனவரி 14 தேவசகாயத்துக்கு. வாரநாளாக இருந்தால் மறைசாட்சிகளின் பொதுத் திருப்பலியைச் சிவப்பு உடையில் ஒப்புக்கொடுக்கலாம். உரோமையர் 8:31-39, மத்தேயு 10:28-33 இரண்டும் அதற்குரிய வாசகங்களே. ஞாயிறாக அமைந்தால் (2029இல் அப்படித்தான்) ஞாயிறுத் திருப்பலிதான்; விழாவை மாலைச் செபத்துக்கும் பவனிக்கும் தள்ளிவிடுங்கள். மறுநாள் விட்டு 16ஆம் திகதி, 1711இல் கண்டியில் இறந்த புனித யோசப் வாஸ் திருநாள். மலையகத்தார் அதையும் சேர்த்து மூன்று நாளாக எடுப்பது மிகப் பொருத்தம் என்பேன். ஆனால் அவர் மறைசாட்சி அல்லர். அன்று வெள்ளை உடை. பல தோட்டங்களைப் பார்க்கும் பங்குத்தந்தையிடம் டிசம்பர் தொடக்கத்திலேயே நாள் கேட்டுவிடுங்கள்.

மன்னார் மறைசாட்சிகளின் பெயரை மன்றாட்டுமாலையில் சேர்க்க வேண்டாம். படத்துக்கு ஒளிவட்டம் வேண்டாம், பீடத்தருகேயும் வேண்டாம். கோயில் முகப்பில் வரலாற்றுக் குறிப்போடு வையுங்கள். விசுவாசிகள் மன்றாட்டில், அவர்களுடைய சாட்சியத்துக்காக இறைவனுக்கு நன்றி சொல்லலாம். திருச்சபை அவர்களை உயர்த்த வேண்டுமென்றும் மன்றாடலாம். வீட்டில் தனியாக அவர்களுடைய பரிந்துரையைக் கேட்க எந்தத் தடையும் இல்லை. அப்படிக் கேட்டு யாருக்காவது சுகம் கிடைத்தால் திகதி, வைத்திய அறிக்கை, கண்ட சாட்சிகளின் விவரம் எல்லாவற்றையும் எழுதி, பங்குத்தந்தை வழியாக மன்னார் மறைமாவட்டத்துக்கு அனுப்புங்கள். வாய்ப்பேச்சாக விட்டுவிட்டால் பின்னால் விசாரணைக்கு ஒன்றும் மிஞ்சாது.

1544ஐப் பற்றிப் பேசும்போது மிகுந்த கவனம் வேண்டும். ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அடுத்த காம்பிராவில் சைவக் குடும்பம் பொங்கல் வைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கொலைக்குப் போர்த்துக்கேயர் மேல் மன்னனுக்கு இருந்த அரசியல் அச்சமும் காரணம். அதைச் சொல்லாமல் மதச் சண்டையாக மட்டும் சொன்னால் வரலாறும் கெடும், அயலுறவும் கெடும்.

பதாகையில் 'புனித தேவசகாயம்' என்றே எழுதுங்கள். சாதிப் பெயரான 'பிள்ளை' புனிதர் பட்டத்துக்கு முன்பே நீக்கப்பட்டது. எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியவருக்கு அது ஒட்டவும் ஒட்டாது. 'முதல் இந்தியப் புனிதர்' என்பதும் பிழை. திருமணமாகிக் குடும்பமாக வாழ்ந்த பொதுநிலையினரில் முதல் இந்தியர் என்பதே சரி.

திருப்பண்டத்தைக் காசுக்கு வாங்கவே கூடாது. விற்பதைச் சட்டம் 1190 முற்றாகத் தடுக்கிறது. இணையத்தில் விலை போட்டு வருவதை நம்பாதீர்கள். பங்குத்தந்தை மூலம் உங்கள் ஆயர், அவர் வழியாகக் கோட்டாறு மறைமாவட்டம் என்பதுதான் முறை. முத்திரையிட்ட சான்றிதழ் இல்லாமல் எதையும் ஏற்காதீர்கள். திருப்பண்டம் இல்லாவிட்டால் விழாவுக்கு ஒரு குறையும் இல்லை, படமே போதும்.

படத்தைப் பற்றி ஒன்று. மலையக ஈரத்தில், சுவரோடு ஒட்டி மாட்டிய படத்துக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். படச்சட்டகத்தின் பின்பக்கத்தில், அடிப்பக்க மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்றுப் போகும். சிலைதான் வேண்டுமென்றால் பிளாஸ்டர் வேண்டாம். ஈரத்தை உறிஞ்சி வர்ணம் உரிந்துவிடும். பைபர்கிளாஸ் நீடித்து நிற்கும்.